சுகர் எறங்கிருச்சு, எல்டிஎல் ஏறிருச்சு: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் அரிசி, மாவு வகையைக் கொறைச்சு சாப்புடறதைப் பத்தி எழுதியிருந்தேன்ல, அதுக்கு வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே கேள்விதான். எடை கொறைஞ்சுது, சுகர் கொறைஞ்சுது, கொலஸ்ட்ரால் மட்டும் ஏறிருச்சே, என்னங்க்கா பண்றதுன்னு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். ஊரு மட்டும் போட்டிருக்கேன், பேரு வேண்டாம். புதுசாப் படிக்கறவங்களுக்கு: எல்டிஎல்ங்கறது கெட்ட கொலஸ்ட்ரால், ஹெச்டிஎல் நல்ல கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு ரத்தத்துல ஓடற இன்னொரு கொழுப்பு, ஹெச்பிஏ1சி மூணு மாசச் சராசரி சுகர். பேலியோ, கீட்டோங்கறது மாவைக் கொறைச்சு கொழுப்பை எச்சாச் சாப்புடற டயட்.

அக்கா, வணக்கமுங்க. எனக்கு 42 வயசு, பெருந்துறைப் பக்கம் சொந்தமா தறி ஓட்டறேனுங்க. எட்டு மாசமா பேலியோ டயட். 94 கிலோ இருந்தவன் 79-க்கு வந்துட்டேன். ஹெச்பிஏ1சி 7.4 இருந்தது 5.8 ஆகி, சுகர் மாத்திரையை டாக்டரே நிறுத்திட்டாரு. ட்ரைகிளிசரைடு 262-ல இருந்து 88-க்கு வந்துருச்சு, ஹெச்டிஎல் 34-ல இருந்து 47. ஆனா எல்டிஎல் 128 இருந்தது இப்ப 203, மொத்த கொலஸ்ட்ரால் 268. டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டே ஆகணும்ங்கறாரு. கூட டயட் இருக்கற சிநேகிதங்க எல்டிஎல் எல்லாம் சும்மா, கண்டுக்காதேங்கறாங்க. வூட்ல ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அழுவறாங்க. காலைல ஊத்துக்குளி வெண்ணெய் 50 கிராம் போட்டு டீ, மத்தியானம் நெய்ல நாலு முட்டையும் காயும், ராத்திரி தேங்கா எண்ணெய்ல கறியோ கோழியோ. யாரு சொல்றதைக் கேக்கறதுங்க?
– பெருந்துறை வாசகர்

தம்பி, 15 கிலோ எறக்கி சுகர் மாத்திரையை நிறுத்தற அளவுக்கு வந்திருக்கீங்க, அது சாதாரண விசயம் இல்ல, வூட்ல அழுவறவங்ககிட்ட மொதல்ல இதைச் சொல்லுங்க. எல்டிஎல் ஏறுனதுக்காக மறுபடியும் மூணு வேளையும் சோறுன்னு திரும்பிப் போகச் சொல்லி நான் சொல்லப் போறதில்ல. ஆனா உங்க சிநேகிதங்க சொல்றது தப்பு, டாக்டர் பயப்படறது சரி, இதை நான் சுத்தி வளைக்காம சொல்லிர்றேன்.

ட்ரைகிளிசரைடு ஏன் அப்படி மளமளன்னு எறங்குச்சுன்னா, நம்ம தேவைக்கு மேல உள்ள போற மாவையும் சக்கரையையும் ஈரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல அனுப்பிட்டே இருக்கும், நீங்க சோத்தையும் பொரோட்டாவையும் நிறுத்துனதும் அந்தச் சரக்கு நின்னு போச்சு, அது கொறைஞ்சா ஹெச்டிஎல்லும் கூடவே ஏறும். இது ரெண்டும் நெசமான லாபம்தான். ஆனா எல்டிஎல் வேற கணக்கு.

உங்க தொழில்லயே சொல்றேன். நூல் ஏத்திட்டு வர்ற டெம்போ மாதிரிதான் இந்த எல்டிஎல், கொலஸ்ட்ராலை ஏத்திக்கிட்டு ரத்தக் குழாய்ல ஓடிட்டு இருக்கும். வேலை முடிஞ்ச டெம்போ எல்லாம் திரும்ப ஈரல்ங்கற குடோனுக்குள்ள போகணும், அதுக்கு ஈரல் மேல நெறைய ஷட்டர் இருக்குது, எல்டிஎல் ரிசப்டர்னு பேரு. இந்த ஷட்டரைக் கண்டுபுடிச்சதுக்குத்தான் 1985-ல பிரவுன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு பேருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. வெண்ணெய், நெய், தேங்கா எண்ணெய் மாதிரி நிறைவுற்ற கொழுப்பு எச்சா உள்ள போனா ஈரல் இந்த ஷட்டர்ல கொஞ்சத்தை எறக்கி விட்டுரும், டெம்போ உள்ள போக முடியாம ரோட்டுலயே சுத்தும், சுத்தற டெம்போல கொஞ்சம் ஓரத்துல குழாய்ச் சுவத்துக்குள்ள போயி மாட்டிக்கும், வருசக்கணக்கா மாட்டுனது சேந்து சேந்துதான் அடைப்பாகுது. ஒரு நாள்ல ஆகறதில்ல, அதனாலதான் உங்க சிநேகிதங்களுக்கு இப்ப ஒண்ணும் தெரியல.

அவிய இன்னொண்ணும் சொல்லுவாங்க பாருங்க, எல்டிஎல்ல பெரிய சைஸ் நல்லது, சின்ன சைஸ்தான் கெட்டது, பேலியோல வர்றது பெருசுன்னு. சின்னதா அடர்த்தியா இருக்கறது மோசம்ங்கறது வாஸ்தவம், அதுக்காகப் பெருசு ரோட்டுல நிக்கலாம்னு அர்த்தம் இல்ல. எத்தனை டெம்போ சுத்துதுங்கற எண்ணிக்கைதான் முக்கியம், அதை அளக்கறதுக்கு அப்போபி-ன்னு ஒரு டெஸ்ட் இருக்குது, சந்தேகமா இருந்தா அதை எடுத்துப் பாத்துருங்க, வாய்ச் சண்டை மிச்சம்.

இப்ப உங்க தட்டுக்கு வர்றேன். வெண்ணெய்ல பாதி நிறைவுற்ற கொழுப்பு, அப்ப 50 கிராம்ல 25. நெய்ல நூத்துக்கு 60 பங்கு, தேங்கா எண்ணெய்ல 85-க்கு மேல. நெய்யும் தேங்கா எண்ணெயும் எவ்வளவுன்னு நீங்க எழுதல, யாருமே எழுத மாட்டீங்க, ஏன்னா யாருக்கும் தெரியாது. சென்னிமலைல ஒரு வூட்டுக்குப் போயிருந்தப்ப அந்த அம்மிணி "ரெண்டு ஸ்பூன் நெய்தானுங்க்கா ஊத்துவேன்"ன்னாங்க, சரி எப்பவும் ஊத்தற மாதிரியே ஊத்துங்கன்னு சொல்லி சட்டிக்குக் கீழ என்ற எலெக்ட்ரானிக் தராசை வெச்சேன். முட்டை பொரிக்க மட்டும் 38 கிராம் காட்டுச்சு. அவங்க கையில இருந்தது ஸ்பூன் இல்ல, தாளிக்கற கரண்டி, அதையே ஸ்பூன்னு சொல்லிட்டு இருந்திருக்காங்க. உங்களுக்கு நான் கொறைச்சே போடறேன், நெய் 30, தேங்கா எண்ணெய் 30ன்னு வெச்சுக்கிட்டாலும் வெண்ணெயோட சேத்து நாளைக்கு 65, 70 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வருது, கறியும் முட்டையும் இதுல சேக்கல. 2000 கலோரி சாப்புடறவருக்கு 22 கிராமுக்குள்ள நிக்கணும்ங்கறதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு. மூணு மடங்கு போகுது தம்பி.

அதனால மாத்த வேண்டியது டயட்டை இல்ல, எந்தக் கொழுப்புங்கறதைத்தான். வெண்ணெய் டீயை நாளைக்கே நிறுத்திருங்க, வெறும் டீ குடிச்சுட்டு பசிச்சா ஒரு கைப்புடி பாதாமோ வறுத்த நெலக்கடலையோ தின்னுங்க. சமையலுக்கு செக்குல ஆட்டுன கடலெண்ணெய், நல்லெண்ணெய். பண்டு நம்ம பக்கம் இதுதானே பொழக்கம், கடலைக்கா வெளையற சீமைல இருந்துட்டு வெண்ணெயைக் கரைச்சுக் குடிக்கறது இடையில வந்த பழக்கம். கடலெண்ணெய்ல நிறைவுற்ற கொழுப்பு நூத்துக்கு 17, 18 பங்கு, நல்லெண்ணெய்ல 14, 15, மிச்சமெல்லாம் ஷட்டரைத் தொறந்து விடற வகை. அதுக்காக அதையும் கரண்டி கரண்டியா ஊத்தக் கூடாது, நாளைக்கு டீ ஸ்பூன்ல நாலஞ்சு போதும். ஆட்டுக்கறின்னா கொழுப்பை எடுத்துட்டு வாரம் ஒரு நா, கோழி தோல் இல்லாம, மத்தி மீனு கெடைச்சா வாரம் ரெண்டு நா. குழம்பு வெச்சு ஆறுனதும் மேல மெதக்கற கொழுப்பை அகப்பைல எடுத்துப் போட்டுருங்க, முந்தின நா ராத்திரியே வெச்சு ஃபிரிட்ஜ்ல வெச்சா காலைல ஆடை மாதிரி கட்டி நிக்கும், சுளுவா வந்துரும்.

அப்பறம் காய். பேலியோ இருக்கறவங்க முக்காவாசிப் பேரு இதுலதான் கோட்டை விடறாங்க, முட்டையும் கறியும் தட்டு நெறைய, காய் ஓரத்துல ஒரு அகப்பை. வெண்டைக்கா, கத்திரிக்கா, அவரைக்கா, கீரை எல்லாம் ரெண்டு வேளையும் தட்டுல பாதி இருக்கணும். வெண்டைக்கால கொழகொழன்னு வருதே, அந்த மாதிரி தண்ணில கரையற நார்ச்சத்து பித்தத்தைப் புடிச்சு வெளிய தள்ளிரும், ஈரல் புதுசா பித்தம் செய்யறதுக்கு ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ராலை இழுக்கும், இழுக்கணும்னா ஷட்டரைத் தொறந்துதான் ஆகணும். இந்த நார் நாளைக்கு 5-ல இருந்து 10 கிராம் போனா எல்டிஎல் நூத்துக்கு ஒரு 5 பங்கு கொறையும். காயில மட்டும் அவ்வளவு வர்றது கஷ்டம்னா ராத்திரி இசப்கோல்ங்கற நார்ப் பொடி ஒரு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடிங்க, ஆளி விதை வறுத்துப் பொடிச்சு காய் மேல தூவிக்கலாம்.

டாக்டர்கிட்ட ரெண்டு விசயம் பேசுங்க. ஒண்ணு, தைராய்டு பாத்தீங்களான்னு. டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு டெஸ்ட் அளவு ஏறி தைராய்டு மந்தமா இருந்தா டயட் எதுவா இருந்தாலும் எல்டிஎல் ஏறும், அதைக் கவனிக்காம நெய்யைத் திட்டிப் பிரயோசனம் இல்ல. ரெண்டு, எடை இன்னும் எறங்கிட்டு இருக்குதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. எடை வேகமா கொறையறப்ப கொழுப்புத் திசுல தேங்கி நின்ன கொலஸ்ட்ராலும் ரத்தத்துல வந்து சேரும், கொஞ்ச நாளைக்கு ரிப்போர்ட் ஏத்தமாத்தான் காட்டும், எடை ஒரே இடத்துல ஒரு மாசம் நின்னதுக்குப் பொறவு எடுக்கற டெஸ்ட்தான் நம்பகமானது. பரம்பரைல வர்ற எல்டிஎல் கோளாறா இருக்குமோன்னு பயப்படாதீங்க, அப்படின்னா டயட்டுக்கு முன்னாடியே 190-க்கு மேல இருந்திருக்கும், உங்களுக்கு 128 தான்.

மாத்திரை விசயம். 190 தாண்டுனா மாத்திரை வேணும்ங்கறது உலகம் பூரா டாக்டருங்க வெச்சிருக்கற கோடு, அதுபோக உங்களுக்கு சுகர் வந்த உடம்பு, 40 வயசும் தாண்டியாச்சு, இந்த மாதிரி ஆளுங்களுக்கு எல்டிஎல் நார்மலா இருந்தாலே ஸ்டாட்டின்ங்கற கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதற வழக்கம் இருக்குது. எண்ணெயை மாத்தி எட்டு வாரம் பாத்துட்டு டெஸ்ட் எடுக்கறேன், அப்பறம் முடிவு பண்ணலாங்களான்னு கேட்டுப் பாருங்க, சரின்னா நல்லது. இல்லை இப்பவே போடுன்னா போட்டுக்குங்க. மாத்திரை போடறதால டயட் தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது, ஸ்டாட்டினும் அந்த ஷட்டரைத்தான் தொறந்து விடுது. 52 நாட்டுல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வுல நம்ம தெற்காசியக்காரங்களுக்கு மொத மாரடைப்பு வர்ற வயசு நடுவாந்தரமா 53, மத்த நாட்டுக்காரங்களுக்கு 59 பக்கம். நமக்கு அந்த ஆறு வருசம் கம்மி. 42-ல உக்காந்துட்டு 203-ஐ சும்மான்னு விட முடியாது.

முட்டைல மஞ்சக்கருவை எடுத்துட்டுத்தான் சாப்புடணுமாங்க? நான் கோழிப்பண்ணைல வேலை பாக்கறேன், தெனம் அஞ்சாறு முட்டை சாப்புடறேன். எல்டிஎல் 118.
– நாமக்கல் வாசகி

அம்மிணி, ஒரு மஞ்சக்கருல 185, 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கறது நெசம். ஆனா ரத்தத்துல ஓடற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு நம்ம உடம்பே செய்யறது, முட்டை தின்னா அது தன்னோட உற்பத்தியைக் கொறைச்சுக்கும், அதனால நெறையப் பேருக்கு முட்டையால பெரிய ஏத்தம் வர்றதில்ல. சில பேருக்கு ஏறும், அது யாருன்னு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். 118ங்கறதுக்கு பயமும் வேண்டாம் மெத்தனமும் வேண்டாம், ரெண்டு முழு முட்டையோட நிறுத்திட்டு மிச்சத்துல வெள்ளைக்கரு மட்டும் சாப்புடுங்க, மஞ்சக்கரு வளர்ற புள்ளைங்களுக்குப் போகட்டும். மூணு மாசம் கழிச்சுப் பாருங்க. முட்டையை எதுல பொரிக்கறீங்கன்னு எழுதலையே, வேக வெச்ச முட்டையும் டால்டால பொரிச்ச ஆம்லெட்டும் ஒண்ணு கெடையாது.

எங்களுக்கு கொப்பரைக் களம் இருக்குதுங்க. தேங்கா எண்ணெய் கெட்டதுன்னு போன மாசம் எழுதுனதைப் படிச்சு மனசு சங்கடமாப் போச்சு. எங்க அப்பாரு தேங்கா எண்ணெய் சாப்புட்டே 90 வயசு வரைக்கும் இருந்தாரு. இப்ப நானும் மாவைக் கொறைச்சு இருக்கேன், எனக்கு எல்டிஎல் 156. வயசு 58.
– வெள்ளக்கோவில் வாசகர்

அண்ணா, உங்க மனசு நோகணும்னு எழுதல. காங்கேயம், வெள்ளக்கோவில்ல எத்தனை குடும்பம் அந்தக் களத்தை நம்பி இருக்குதுன்னு எனக்குத் தெரியும், கொப்பரை காயற வாசத்தோடதான் நான் பஸ்ல போயிட்டு வந்துட்டு இருக்கேன். கெட்டதுன்னு நான் சொல்லல, எல்டிஎல் ஏறியிருக்கறவங்களுக்கு ஆகாதுன்னுதான் சொன்னேன்.

தேங்கா எண்ணெய்ல இருக்கற லாரிக் அமிலம்ங்கற நிறைவுற்ற கொழுப்பு ஹெச்டிஎல்லையும் ஏத்தும், எல்டிஎல்லையும் ஏத்தும். ஹெச்டிஎல் ஏறுதேன்னு மொத பாதியை மட்டும் சொல்றவங்க ரெண்டாவது பாதியைச் சொல்றதில்ல. உங்க அப்பாரைப் பத்தி நெனைச்சுப் பாருங்க, அவரு கெணத்துல எறச்சு, ஏர் ஓட்டி, சந்தைக்கு நடந்தே போயிட்டு வந்திருப்பாரு, கறிங்கறது நோம்பிக்கும் ஒறம்பரை வந்தாலும்தான், கம்பஞ்சோறும் ராகிக் களியும் கீரையும்தான் தெனப்படி. அந்த வாழ்க்கைல ரெண்டு ஸ்பூன் தேங்கா எண்ணெய் ஒண்ணும் பண்ணியிருக்காது. நீங்க அவரு சாப்புட்ட எண்ணெயை மட்டும் எடுத்துக்கிட்டீங்க, நடையை எடுத்துக்கல. அதுபோக அந்தக் காலத்துல நெஞ்சு வலில 50 வயசுல போனவங்களை "திடீர்னு போயிட்டாரு"ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க, ஏன்னு யாரும் பாக்கல, 90 வரைக்கும் இருந்தவங்களைத்தான் நாம ஞாபகம் வெச்சிருக்கோம்.

தேங்காயே வேண்டாம்னு இல்ல. தேங்காயாவே தின்னா நார்ச்சத்தும் கூட வருது, பள்ளிபாளையம் சிக்கன்ல போடற தேங்கா பத்தை நாலு தின்னா ஒண்ணும் ஆகாது. தாளிக்கறதுக்கு மட்டும் கடலெண்ணெய்க்கு மாறிட்டு, தேங்கா எண்ணெயை வாசத்துக்கு அவியல்ல ஒரு ஸ்பூன், தலைல தேய்க்க எத்தனை வேணாலும். ரெண்டு மாசத்துல 156 எங்க நிக்குதுன்னு எழுதுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

அம்மிணி, எனக்கு 67 வயசு. மூணு வருசத்துக்கு முன்னாடி ஸ்டென்ட் வெச்சாங்க. ரத்தக் கொதிப்பு, சுகர் மாத்திரையெல்லாம் இருக்குது. எல்டிஎல் இப்ப 62, நார்மல்தான். பேரன் மாவில்லாத டயட் சொல்லிக் குடுத்து நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம்ங்கறான். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திரலாமா கண்ணு?
– கோபிச்செட்டிபாளையம் வாசகர்

ஐயா, கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுக்கறேன், நிறுத்தாதீங்க. 62 நார்மலா இருக்குதுன்னா அந்த மாத்திரையாலதான் இருக்குது, நிறுத்துனா கொஞ்ச வாரத்துல பழையபடி ஏறிக்கும். அதுலயும் ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு 62 கூட எச்சுதான், இந்திய இதயவியல் சங்கம் 2024-ல சொன்ன வழிமுறைல உங்களை மாதிரி இருக்கறவங்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழ வேணும்னு இருக்குது. தொடை வலி, சதை வலின்னு மாத்திரையால தொந்தரவு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவு மாத்தலாம், வேற மருந்து மாத்தலாம்.

பேரன் பாசத்துல சொல்றான், அது தெரியுது. ஆனா நாளைக்கே ஆரம்பிக்க வேண்டாம். சுகர் மாத்திரைல கிளிமிபிரைடு இருக்குதான்னு அட்டையைத் திருப்பி அவனையே படிக்கச் சொல்லுங்க, அந்த மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம் போலப் போட்டுக்கிட்டு சோத்தை மட்டும் நிறுத்துனா சுகர் திடீர்னு கீழ எறங்கி மயக்கம் வந்துரும், ராத்திரி தூக்கத்துல எறங்குனா தெரியக்கூடத் தெரியாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு ஒரு வகை மாத்திரை இருக்குது, ஒண்ணுக்குல சக்கரையை வெளியேத்தறது, இதயத்துக்கும் நல்லதுன்னு ஸ்டென்ட் வெச்சவங்க நெறையப் பேருக்கு எழுதறாங்க, அதைப் போட்டுக்கிட்டு மாவைச் சுத்தமா நிறுத்துனா கீட்டோஅசிடோசிஸ்னு ரத்தம் அமிலமாகற ஆபத்து இருக்குது. இதுல மோசம் என்னன்னா சுகர் மீட்டர்ல பாத்தா எப்பவும் போலத்தான் காட்டும், வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கல்னு வரும், ஏதோ தின்னது சேரலன்னு வூட்லயே படுத்துக்குவாங்க. அப்படி எதுனா வந்தா உடனே ஆஸ்பத்திரி போகணும். கொதிப்பு மாத்திரைக்கும் இதே கதைதான், எடை கொறைஞ்சா பிரஷர் எறங்கும், எந்திரிச்சா கண்ணு கட்டும்.

அதனால டாக்டர்கிட்ட போயி, சோத்தைக் கொறைக்கப் போறேன், மாத்திரையை எப்படி மாத்தணும்னு கேட்டுட்டு வாங்க. அதுக்கு முன்னாடி மொதல்ல ராத்திரிச் சோத்தை மட்டும் பாதியாக்கி கொள்ளுக் கடைசலும் கீரையும் எச்சாப் போட்டுக்குங்க, உங்களுக்கு இந்த வயசுல அவ்வளவு கொறைச்சாலே பலன் தெரியும். கறி, நெய், வெண்ணெய்னு போற கீட்டோ உங்களுக்கு வேண்டாங்கய்யா.

அக்கா, நான் ஐடில வேலை பாக்கறேன், 27 வயசு, 51 கிலோ. ஒரு வருசமா ஜிம், கூட கீட்டோ. ட்ரைகிளிசரைடு 58, ஹெச்டிஎல் 86, ஆனா எல்டிஎல் 241! நான் குண்டு கூட இல்லையே, எனக்கு எதுக்கு இப்படி? தைராய்டு நார்மல். அடுத்த வருசம் கல்யாணம்.
– கோயமுத்தூர் வாசகி

கண்ணு, நீ குண்டா இல்லாததாலதான் இப்படி. ஒல்லியா, நல்லா உடற்பயிற்சி பண்ற சில பேரு மாவைச் சுத்தமா நிறுத்துனா எல்டிஎல் 200-ஐத் தாண்டி ஓடிரும், ஹெச்டிஎல் 80-க்கு மேல, ட்ரைகிளிசரைடு 70-க்குக் கீழ நிக்கும், உன் ரிப்போர்ட் அச்சு அசலா அந்த வார்ப்பு. இதுக்கு வெளிநாட்டுல தனிப் பேரே வெச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. உடம்புல மாவும் இல்ல, சேமிச்ச கொழுப்பும் கொஞ்சம்தான்னா, சக்திக்குக் கொழுப்பை ஊரு பூரா சுமந்துட்டுப் போக வண்டி எச்சாத் தேவைப்படுது, அதுதான் காரணம்ங்கறாங்க. ஹெச்டிஎல் நல்லா இருக்குதே, அப்ப இது ஆபத்தில்லன்னு சில பேரு சொல்லுவாங்க, அதை நம்பி 241-ஐ வருசக்கணக்குல விட்டுராதே.

உனக்கு வழி சுலபம். எளைக்க வேண்டிய தேவையே உனக்கு இல்ல, அப்பறம் எதுக்கு சுத்தமா மாவில்லாம இருக்கணும்? நாளைக்கு 80, 100 கிராம் மாவுச்சத்து திரும்பச் சேத்துக்கோ, காலைல ஒரு கிண்ணம் கம்பங்கூழு, மத்தியானம் கொள்ளோ பாசிப்பயறோ ஒரு கிண்ணம், சாயந்தரம் ஒரு கொய்யா. இந்த மாதிரி ஒடம்புக்காரங்க கொஞ்சம் மாவு சேத்தாலே எல்டிஎல் பெரும்பாலும் சரசரன்னு எறங்கும். ஆறு வாரத்துல டெஸ்ட் எடு. ஒருவேளை எறங்கலன்னா, அப்பவும் 190-க்கு மேலயே நின்னா, அப்பா அம்மாவுக்கும் எல்டிஎல் பாக்கச் சொல்லு, குடும்பத்துல 50, 55 வயசுக்குள்ள யாருக்காவது மாரடைப்பு வந்திருக்குதான்னு அம்மிச்சிகிட்ட, ஆத்தாகிட்ட விசாரி, டயட்டுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் எதுனா இருந்தாத் தேடி எடு. கல்யாணத்துக்கு அப்பறம் கொழந்தை யோசனை இருக்கறப்ப ஸ்டாட்டின் போட மாட்டாங்க, அதனால மாத்திரை ஆரம்பிக்கற பேச்சு வந்தா இந்த விசயத்தை டாக்டர்கிட்ட நீயே வாயைத் தொறந்து சொல்லிரு.

ஒரே வாரத்துல ரெண்டு லேப்ல குடுத்தேன், ஒண்ணுல எல்டிஎல் 139, இன்னொண்ணுல 152. எதை நம்பறதுங்க? மொத்த கொலஸ்ட்ரால் 200-க்குள்ள இருந்தா போதும்னு சொல்றாங்களே?
– அவிநாசி வாசகர்

நெறைய லேப்ல எல்டிஎல்லை நேரடியா அளக்கறதில்ல, கணக்குப் போட்டு எழுதறாங்க. மொத்தத்துல இருந்து ஹெச்டிஎல்லைக் கழிச்சு, ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிச்சா வர்றதுதான் அது. ட்ரைகிளிசரைடு 400 தாண்டுனா அந்தக் கணக்கு செல்லாது, ரொம்பக் கம்மியா இருந்தாலும் கொஞ்சம் முன்ன பின்ன வரும். இன்னொரு லேப்ல நேரடியா அளந்திருப்பாங்க. 139-க்கும் 152-க்கும் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், எல்டிஎல்லைக் கொறைக்கணும். அடுத்த தடவை ஒரே லேப், அதே மாதிரி 10, 12 மணி நேரம் வெறும் வயிறு, அதுக்கு மேல பட்டினி கெடக்காதீங்க, விரதம் முடிச்ச கையோட போயும் ரத்தம் குடுக்காதீங்க.

மொத்தம் 200-க்குள்ள இருந்தா போதும்ங்கற பேச்சு எனக்கு வயித்தெரிச்சல். எங்க அப்பாவுக்கு 1998-ல 54 வயசு, ரிப்போர்ட்ல மொத்தம் 192, பாத்தவரு நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாரு, நாங்களும் சந்தோசமா வந்து பாயசம் வெச்சோம். ஹெச்டிஎல் 28, ட்ரைகிளிசரைடு 280ன்னு அதே தாள்ல கீழ இருந்துச்சு, யாரும் படிக்கல. அஞ்சாவது மாசம் தோட்டத்துல மாரடைப்பு, பொழைச்சுக்கிட்டாரு, ஆனா அதுக்கப்பறம் பழைய அப்பாவா இல்ல. அந்தத் தாளு இன்னும் என்ற பீரோல இருக்குது, நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனாலதான். மொத்தத்துல இருந்து ஹெச்டிஎல்லைக் கழிச்சுப் பாருங்க, 192-ல 28 போனா 164. இதுக்கு நான்-ஹெச்டிஎல்னு பேரு, 130-க்குக் கீழ இருக்கணும், சுகர் இருந்தா 100-க்குக் கீழ. வெறும் வயித்துல எடுத்தாலும் சாப்புட்டு எடுத்தாலும் பெருசா மாறாது, பேனா எடுத்து நீங்களே போட்டுக்கலாம்.

கூடவே ஆயுசுல ஒரே ஒரு தடவை எல்பி(ஏ)ன்னு ஒரு டெஸ்ட் எடுத்துருங்க, அதுவும் எல்டிஎல் மாதிரி கொலஸ்ட்ராலைச் சுமக்கற ஒரு வண்டிதான். அது பரம்பரைல வர்றது, டயட்டால ஏறவும் ஏறாது எறங்கவும் எறங்காது, டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருந்தா மத்ததையெல்லாம் இன்னும் கறாராப் பாத்துக்கணும்.

ஆடி மாசம் நோம்பி வருதுங்க, கெடா வெட்டு இருக்குது. எங்க வூட்டுக்காரரு ரெண்டு மாசமா கட்டுப்பாடா இருக்காரு. அன்னைக்கு என்ன குடுக்கறது?
– சிவகிரி வாசகி

அன்னைக்கு சாப்புடட்டும் அம்மிணி, ஒரு நா கறியால எல்டிஎல் ஏறாது. குடலும் தலைக்கறியும் கொஞ்சமா வெச்சுட்டு சதைக்கறியா எடுத்துப் போடுங்க, ஒப்பிட்டு (போளி) ஒண்ணு, அதுக்கு மேல நெய் ஊத்தாம. மிஞ்சுன கறியை ஒறம்பரைக்குக் குடுத்து அனுப்பிருங்க. ஃபிரிட்ஜ்ல இருந்தா அது நாலு நாளைக்கு நோம்பி ஆயிரும்.